மிஷின் சாவி யார் இடுப்பில்?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் தவணை, தணிக்கை எல்லாம் பேசி முடித்து டீ வருகிற நேரம். ஒரு சகோதரி எழுந்து, "சாவி போட்ட சுவிட்ச் வெச்சா மிஷின் பத்திரம்னு சொன்னீங்க. வெச்சும் அவங்களுக்குக் கை போச்சே, அது எப்படி?" என்று கேட்டார். கூடத்தில் சத்தமே இல்லை. யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மிஷினைத் திறந்து பார்த்தோம். பார்த்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நடந்தது. சேலையூரிலிருந்து அகரம்தென் போகிற பக்கம், ஒரு வாடகை அறையில் நமது குழு ஒன்று மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துப் பாக்கெட் போடுகிறது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்த பல்வரைசர் மிஷின். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பச்சை பட்டனை அமுக்கி விளையாடுகிறார்கள் என்று, குழு தீர்மானம் போட்டு ஒரு சாவி சுவிட்ச் மாட்டினார்கள். நல்ல யோசனைதான். ஒருநாள் மத்தியானம் ஈரமான மிளகாய் உள்ளே அடைத்துக்கொண்டது. அதே நேரம் கரன்ட்டும் போய்விட்டது. மிஷின் தானாகவே நின்றுவிட்டதே என்று அந்தச் சகோதரி மூடியைக் கழற்றிக் கையை விட்டு அடைப்பை எடுத்தார். சாவி சுவிட்சிலேயே, ஓடுகிற நிலையிலேயே இருந்தது. கரன்ட் வந்தது. மோட்டாரும் ஓடியது. இரண்டு விரல் நுனி போய்விட்டது.

பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னார். மிஷின் விற்றவர், வயர் போட்டவர் பெயரையும் நாங்கள் எழுதப் போவதில்லை. ஆனால் என்ன தப்பு நடந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். நம்மிடம் இருக்கிற மற்ற மிஷின்களிலும் அதே தப்பு இருக்கலாம்.

சாவி சுவிட்ச் என்றால் பெரிய விஷயம் இல்லை. நம் வீட்டு ஸ்கூட்டியிலும் டி.வி.எஸ். எக்ஸெல்லிலும் இருக்கிறதே, அதே சாதிதான். சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு கட்டை நகர்ந்து இரண்டு செம்புத் துண்டுகளைச் சேர்த்துவைக்கும். பின்னால் திருப்பினால் பிரித்துவிடும். சாதாரண சுவிட்சை யார் வேண்டுமானாலும் தட்டலாம். இதைச் சாவி வைத்திருப்பவர்தான் தட்ட முடியும். வித்தியாசம் அவ்வளவுதான். வண்டியில் ஒன்று கவனித்திருப்பீர்கள். ஓடும்போது சாவியை உருவ முடியாது. ஆஃப் பக்கம் திருப்பினால்தான் கையோடு வரும். மிஷினுக்கு வைக்கிற சாவி சுவிட்சிலும் அப்படிப்பட்ட வகையைத்தான் வாங்க வேண்டும். கடையில் இரண்டு வகையும் கிடைக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் சாவி வெளியே வருகிற வகையை வாங்கினால், சாவி நம் கையில் இருக்கும்போதே மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போது அந்த மிஷினுக்கு வருவோம். மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும், பச்சை பட்டன், சிவப்பு பட்டனோடு. அதற்குள் ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. பச்சையை அமுக்கினால் சுருளுக்குக் கரன்ட் போய், அது காந்தமாகி, ஒரு பட்டையை இழுத்து மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும். விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடுகிறது? இழுபட்ட பட்டை, கூடவே சுருளுக்கான கரன்ட்டுக்கும் ஒரு பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறது. தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட் போனால் காந்தம் போச்சு, பட்டை விழுந்துவிடும், அந்தப் பாதையும் அறுந்துவிடும். அப்புறம் கரன்ட் வந்தாலும் மோட்டார் ஓடாது. யாராவது வந்து பச்சையை மறுபடி அமுக்க வேண்டும். நம்ம ஊரில் கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மனுஷர் பக்கத்தில் இல்லாதபோது மிஷின் தானாகக் கிளம்பக் கூடாது என்பதற்காகவே ஸ்டார்ட்டரில் இந்த ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

வயர் போட்டவர் என்ன செய்தார் தெரியுமா? சாவி சுவிட்ச் வைக்கச் சொன்னார்கள், வைத்தார். ஆனால் பச்சை பட்டனை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே சாவியை மாட்டிவிட்டார். பட்டன் என்றால் அமுக்கி விட்டதும் திரும்பி வந்துவிடும். சாவி அப்படி இல்லை, திருப்பிய இடத்திலேயே நிற்கும். அதனால் கரன்ட் போய் வரும்போதெல்லாம் சுருளுக்கு நேராகக் கரன்ட் கிடைக்கும், மோட்டார் தானாகக் கிளம்பும். பாதுகாப்புக்கு என்று மாட்டிய சாவி, ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே இருந்த பாதுகாப்பைக் கெடுத்துவிட்டது. சாவி வைக்காமலே இருந்திருந்தால் அன்றைக்கு அந்த விரல் போயிருக்காது. இதை எழுதவே எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் நாங்களும்தான் கையெழுத்துப் போட்டோம்.

சரியான முறை இதுதான். சாவி அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும்; ஓட்டுவது பச்சை பட்டனாக இருக்க வேண்டும். சுருளுக்குப் போகிற கம்பியின் பாதையில் முதலில் சாவி, அடுத்து சிவப்பு பட்டன், அதற்கடுத்து பச்சை பட்டன் என்று வரிசையாக வர வேண்டும். அப்படி இருந்தால் சாவியைத் திருப்பினால் மட்டும் ஒன்றும் ஆகாது. திருப்பிவிட்டு பச்சையை அமுக்கினால்தான் ஓடும். ஓடும்போது சாவியைப் பின்னால் திருப்பினால் நிற்கும். கரன்ட் போய் வந்தால் நின்றது நின்றபடி இருக்கும். நம் குழுக் கணக்கில் பணம் எடுக்க ஊக்குநர் ஒருத்தர் கையெழுத்து போதுமா? பிரதிநிதியும் சேர்ந்து போட்டால்தானே பாங்கியில் பணம் கொடுப்பார்கள்? இதுவும் அதே மாதிரி இரண்டு கையெழுத்து வேலைதான். வயர் போடுகிறவரிடம் இந்தப் பத்தியைக் காட்டினால் போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

உங்கள் மிஷின் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எலக்ட்ரீஷியன்தான் வேண்டும் என்றில்லை. மிஷினைக் காலி பண்ணி, மூடியைப் போட்டு, எல்லோரும் தள்ளி நின்று ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் மெயின் சுவிட்சை நிறுத்தட்டும். மோட்டார் முழுசாக நின்ற பிறகு மெயினை மறுபடி போடட்டும். மிஷின் அசையாமல் இருந்தால் நல்லது. தானாகக் கிளம்பினால் அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். வயரை மாற்றிய பிறகுதான் அரவை. இன்னொன்றும் பாருங்கள். சாவியை உருவிவிட்டுப் பச்சையை அமுக்கினால் ஒன்றும் ஆகக் கூடாது.

சில இடத்தில் இன்னொரு தப்பு நடக்கிறது. ஸ்டார்ட்டரே இல்லாமல், மோட்டாருக்குப் போகிற கரன்ட்டை நேராகச் சாவி சுவிட்ச் வழியாக விட்டுவிடுகிறார்கள். ஐந்து குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் போல இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஆறு மடங்குகூட இழுக்கும். சாவி சுவிட்சின் உள்ளே இருக்கிற செம்புத் துண்டு சுருளுக்கான சின்னக் கரன்ட்டைத் தாங்கத்தான் செய்தது. நேராக விட்டால் கொஞ்ச நாளில் சூடாகி, உருகி, ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சாவியை ஆஃப் பக்கம் திருப்பி உருவி இடுப்பில் செருகினாலும் உள்ளே கரன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சரியாக வயர் போட்டிருந்தாலும், சாவியைத் திருப்புவது மிஷினுக்கு 'ஓடாதே' என்று உத்தரவு போடுவதுதான். மோட்டாருக்கு வருகிற பெரிய கரன்ட் ஸ்டார்ட்டர் வாசல்வரை வந்து காத்துக்கொண்டுதான் நிற்கிறது. உத்தரவு கேட்காமல் ஸ்டார்ட்டரே ஒட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. ஆகையால் கையை உள்ளே விடுகிற வேலைக்கு, சல்லடை மாற்றுவது, அடைப்பு எடுப்பது, பெல்ட் போடுவது எதுவானாலும், சாவி மட்டும் போதாது. சாவியை ஆஃப் செய்து உருவிக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சையும் இறக்குங்கள். அந்த மெயின் கைப்பிடியில் பூட்டுப் போட ஓட்டை இருக்கும், அதில் ஒரு சின்னப் பூட்டு. பிளக் வைத்த சின்ன மிஷின் என்றால் பிளக்கை உருவிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டாலே போதும். அப்புறம் பச்சை பட்டனை ஒருதடவை அமுக்கிப் பாருங்கள். ஓடவில்லையா? சக்கரமும் முழுசாக நின்றுவிட்டதா? அதன் பிறகு மூடியைத் திறக்கலாம். பல்வரைசர் உள்ளே இருக்கிற சுத்தி கனமானது. கரன்ட்டை நிறுத்திய பிறகும் வேகம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நம் வீடுகளிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் 'லாக் அவுட், டேக் அவுட்' என்று ஒரு பாடம் சொல்வார்கள். மிஷினைப் பழுது பார்க்கிறவர் தன் சொந்தப் பூட்டை மெயினில் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. தன் பூட்டைத் தான்தான் திறக்க வேண்டும். மேனேஜர் வந்து கேட்டாலும் சாவி கைமாறக் கூடாது. அமெரிக்காவில் 1989-ல் இதைச் சட்ட விதியாகவே கொண்டுவந்தார்கள். பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நமக்கு வேண்டியது ஒரு பூட்டு, ஒரு அட்டை, அவ்வளவுதான்.

சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வைத்து உயிரைக் காப்பாற்றுகிற வேலையை ரொம்ப காலமாகச் செய்து வருவது ரயில்வே. கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அதில் ஏறாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். ரயிலின் இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கிறதே, இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்ட ஆரம்பித்தால் என்ன ஆவது? அதற்காகத்தான் ஓட்டுகிற முனையில் சாவி போட்டுத் திருப்பினால்தான் அந்த அறையின் கருவிகளுக்கு உயிர் வருகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சிக்னல் போடுகிற பேனலிலும் அவருக்கென்று ஒரு சாவி உண்டு. அவர் அதை எடுத்துக்கொண்டு போனால் வேறு யாரும் ரயிலுக்குப் பச்சை காட்ட முடியாது. ஆனால் சிக்னலைச் சிவப்புக்குத் திருப்ப மட்டும் வழி இருக்கும். ஓட்டுவதற்குத்தான் சாவி வேண்டும், நிறுத்துவதற்குச் சாவி தேட வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. நம் மிஷினிலும் காளான் தலை மாதிரி பெரிய சிவப்பு பட்டன் ஒன்று, கை எட்டும் இடத்தில் தனியாக இருக்கட்டும். புடவைத் தலைப்பு மாட்டிக்கொண்டால் சாவியைத் தேடித் திருப்பிக்கொண்டிருக்க முடியாது.

ரயில்வே கேட்டைச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். குரோம்பேட்டை ராதா நகர் கேட்டில் கால் கடுக்க நின்றவர்களுக்கு, "ரயிலையே காணோம், திறந்துவிட்டா என்ன?" என்று கேட்கத் தோன்றியிருக்கும். கேட் கீப்பர் நினைத்தாலும் திறக்க முடியாது. சிக்னலோடு இணைத்த கேட்டில், தடுப்பை இறக்கிப் பூட்டினால்தான் ஒரு சாவி கைக்கு வரும். அந்தச் சாவியை ஒரு மின்கருவியில் போட்டுத் திருப்பினால்தான் ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழும். பச்சை விழுந்துவிட்டால் சாவி கருவிக்குள்ளே மாட்டிக்கொள்ளும். ரயில் கடந்து போகும்வரை வெளியே எடுக்க முடியாது, சாவி இல்லாமல் கேட்டைத் திறக்கவும் முடியாது. ஒரே சாவிதான். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அதனால் ரயிலுக்கு வழியும் சாலைக்கு வழியும் ஒன்றாகத் திறக்கவே முடியாது. யார் மறந்தாலும், யார் தூங்கிப்போனாலும் சரி.

இணைப்பு இல்லாத கேட்டுகளில் எல்லாம் போன் பேச்சுதான். ஸ்டேஷனிலிருந்து சொல்வார்கள், கேட்டில் மூடிவிட்டேன் என்று பதில் சொல்வார்கள், ஒரு எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள். 2025 ஜூலை 8-ந் தேதி காலை கடலூர் செம்மங்குப்பத்தில் அப்படிப்பட்ட ஒரு கேட்டில், தடுப்பு மூடாமலே ரயில் வந்து பள்ளி வேன் மீது மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். பேப்பரில் பார்த்து நாம் எல்லோரும் அழுதோம். அதற்குப் பிறகுதான் இன்னும் பல கேட்டுகளைச் சிக்னலோடு இணைக்கும்படி ரயில்வே உத்தரவு போட்டது. "மூடிட்டேன்", "ஆஃப் பண்ணிட்டேன்" என்ற வாய்ச்சொல்லுக்கும் கையில் இருக்கிற சாவிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நம் அரவை அறையிலும் "யாரும் உள்ள கை வைக்கலயே?" என்று குரல் கொடுத்துவிட்டு மிஷினைப் போடுகிறோம். பதில் வராததை 'இல்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். உள்ளே குனிந்திருக்கிறவருக்குக் காது கேட்டிருக்காது.

ஈ.பி. துணை மின்நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் 'கேஸ்டல் சாவி' என்று சொல்வார்கள். அதுவும் இதே தத்துவம்தான். பிரேக்கரை நிறுத்தினால்தான் சாவி வெளியே வரும், அந்தச் சாவி இருந்தால்தான் அபாயமான அறையின் கதவு திறக்கும். 1922-ல் இங்கிலாந்தில் இதற்கென்றே தொடங்கிய கம்பெனியின் பெயர் கேஸ்டல், அதுவே சாவிக்கும் பெயராகிவிட்டது. கொஞ்சம் வசதி இருக்கிற குழுக்கள் மிஷின் மூடிக்கும் இப்படி ஒரு பூட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரே சாவியில் மிஷினும் மூடியும் என்றால், மிஷினை நிறுத்தாமல் மூடியைத் திறக்கவே முடியாது.

சட்டம் என்ன சொன்னது என்று சிலர் கேட்டார்கள். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடுகிற மிஷினின் இயக்கும் பாகங்களைப் பெண்களையோ சிறு வயதினரையோ வைத்துத் துடைக்கவோ எண்ணெய் போடவோ கூடாது என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரன்ட் வைத்து வேலை செய்கிற இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலையாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று பெண்கள் சேர்ந்து அரைக்கிற வாடகை அறைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வரப்போகிறார்? வடக்கே கதிரடிக்கும் மிஷினில் கை போனவர்கள் கணக்கில்லாமல் ஆனதால் 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற பட்டறைகளில் நடக்கும் கை விபத்துகளைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கை போட்டு வருகிறது. அதில் திரும்பத் திரும்ப வருவது பவர் பிரஸ் என்கிற அழுத்தும் மிஷின். நம் குழுக்கள் வைத்திருக்கிற பாக்குமட்டைத் தட்டு மிஷினும் அழுத்துகிற மிஷின்தான். அதை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இன்னொரு தடவை படியுங்கள்.

சரி, சாவி யாரிடம் இருக்க வேண்டும்? கூட்டத்தில் இதைக் கேட்டபோது, "ஊக்குநர்கிட்ட" என்றார்கள் பாதிப் பேர். "மிஷின் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டிடலாம்" என்றார்கள் மீதிப் பேர். ஆணியில் மாட்டினால் பூட்டு வாங்கிய காசு தண்டம். பிள்ளைகளுக்கு ஆணி எட்டாதா என்ன, ஸ்டூல் போட்டு ஏறிவிடும். ஊக்குநர் எந்நேரமும் மிஷின் பக்கத்தில் இருப்பதில்லை. பாங்கிக்குப் போவார், ஒன்றியத்துக்குப் போவார். நாங்கள் பேசி முடிவு செய்தது இது: அன்றைக்கு யாருக்கு மிஷின் முறையோ அவரிடம் சாவி. வேலை முடிந்ததும் அடுத்தவரிடம் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து. கையை உள்ளே விட வேண்டி வந்தால், யார் கை உள்ளே போகிறதோ அவர் இடுப்பில் சாவி. முறைக்காரர் வேறு ஆளாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். "என்னை நம்ப மாட்டியா?" என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம்பிக்கை வேறு, விரல் வேறு.

சுவிட்ச் வாங்கினால் இரண்டு சாவி வரும். இரண்டாவதைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, குழுவின் பெட்டியில் வைத்துவிடுங்கள். அதை எடுத்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். சாவியின் மேல் ஒரு எண் பொறித்திருக்கும். நிறைய சுவிட்சுகளுக்கு ஒரே எண் சாவிதான் வருகிறது என்பது கடைக்காரரிடம் கேட்டுத்தான் எங்களுக்கே தெரிந்தது. இரண்டு மிஷின் வைத்திருக்கிற குழு, எண் வேறு வேறாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மாவு மிஷின் சாவியில் மிளகாய் மிஷினும் ஓடும்.

நம் பெண்களுக்கு வீட்டுச் சாவி, பீரோ சாவி, பெட்டிச் சாவி எல்லாம் ஒரே கொத்தாக இடுப்பில் தொங்கும். அந்தக் கொத்தில் மிஷின் சாவியைச் சேர்க்காதீர்கள். கேலி இல்லை, இதனால் உயிரே போயிருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனி 2014-ல் லட்சக்கணக்கான கார்களைத் திருப்பி வாங்கிச் சரிசெய்ய வேண்டி வந்தது. சாவி சுவிட்சில் பிடிப்பு போதவில்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ வண்டி குலுங்கினாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும்போதே என்ஜின் நின்றுவிடும், மோதும்போது காற்றுப் பையும் விரியாது. 124 பேர் இறந்ததற்கு அந்தக் கம்பெனி ஏற்படுத்திய நிதியிலிருந்து நஷ்டஈடு கொடுத்தார்கள். நம் அரவை மிஷின் நாள் முழுக்க அதிர்கிற சாமான். அதில் கொத்தைத் தொங்கவிட்டால் சாவி தானாகத் திரும்பலாம், பெல்ட்டிலும் மாட்டலாம். சாவி தனியாக இருக்கட்டும். அடையாளத்துக்கு ஒரு சின்னப் பித்தளை வில்லை போதும். நீளமான நாடா கட்ட வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாரிமுனைப் பக்கத்து எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும், தாம்பரத்திலும் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். விலை சில நூறு ரூபாய்தான். 'சாவி செலக்டர் சுவிட்ச், இரண்டு நிலை, 22 மில்லி மீட்டர் ஓட்டைக்கு' என்று கேளுங்கள். ஆஃபில் மட்டும் சாவி வெளியே வர வேண்டும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கடையிலேயே திருப்பி, உருவிப் பாருங்கள். பெட்டியில் ஐ.எஸ்./ஐ.இ.சி. 60947 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து பில்லோடு வாங்குங்கள். மிளகாய்த் தூள் சாவித் துளையில் போய் அடைக்கும், அதனால் தூசி புகாத வகை, மூடி வைத்தது நல்லது. சாவி இறுகிப்போனால் தேங்காய் எண்ணெய் விடுவதும் பென்சில் தூள் போடுவதும் நம்ம பழக்கம். இந்தச் சுவிட்சில் இரண்டும் வேண்டாம். எண்ணெயில் தூள் ஒட்டிக் களியாகிவிடும். பென்சில் தூள் கரன்ட்டைக் கடத்தும். துணியால் துடைத்து, சரியாகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். மிஷின் உடம்புக்கு எர்த் இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள். வயர் வேலைக்கு லைசென்ஸ் வைத்திருக்கிற ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

அந்தச் சகோதரியை நாங்கள் மறுபடி போய்ப் பார்த்தோம். புண் ஆறிவிட்டது, மிளகாய் நெடி பட்டால் இன்னும் எரிகிறதாம். மிஷினுக்கு வயர் மாற்றியாயிற்று. எலக்ட்ரீஷியன் மெயினை நிறுத்திப் போட்டுக் காட்டினார், மிஷின் அசையவில்லை. அவர் நம்பவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றார். மூன்று தடவை போட்டுக் காட்டிய பிறகு, இடது கையால் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சல்லடையைக் கழற்ற உட்கார்ந்தார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு மிஷின் வைத்திருக்கிற குழுக்கள் தங்கள் சாவிகளையும், மெயினை நிறுத்திப் போட்டுப் பார்த்ததில் என்ன ஆனது என்று எழுதிய தாளையும் கொண்டுவர வேண்டும். தானாகக் கிளம்பிய மிஷின் எத்தனை என்று கணக்கு எடுத்து, வயர் மாற்றும் செலவைக் கூட்டமைப்பு நிதியிலிருந்து கடனாகக் கொடுப்பதா, மானியமாகக் கொடுப்பதா என்று அன்றைக்குத் தீர்மானம் போடுவோம்.